பழைய டிரைவர்

1

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இந்தக் கதை என்னுடையதல்ல. என் மனைவிக்கும் அவள் அப்பாவுக்கும் நடந்தது. நான் பக்கத்தில் நின்று டார்ச் பிடித்தவன், அவ்வளவுதான். எழுதப்போகிறேன் என்றதும் மனைவி, "எழுதிக்கோ. ஆனா அப்பாவைப் பாவமா காட்டிடாத" என்றாள். அந்த நிபந்தனையால் பல தொடக்கங்கள் குப்பைக்குப் போயின. ஒன்று இது:

அன்று வானம் இருண்டு, எங்கோ

(இல்லை. நல்ல வெயில். மாடியில் துணி காய்ந்துகொண்டிருந்தது.)

2

மாமா பேருந்து ஓட்டுநர். மலைப்பாதையில், வண்டி நிறையப் பயணிகளோடு போகும்போது அவருக்குக் கண் இருட்டிக்கொண்டு வந்தது. எப்படியோ ஓரங்கட்டி நிறுத்திவிட்டார். ஒருவருக்கும் கீறல்கூட இல்லை. ஆனாலும் இனி வண்டியே தொடக் கூடாது என்று மருத்துவர் சொல்லிவிட்டார். அதன்பிறகு வீட்டில் அவர் இருந்த விதம் (இங்கே ஓர் உவமை இருந்தது, அடித்துவிட்டேன்) எப்படியென்றால், சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்திருக்கும்போதும் வலது கால் தரையை மெல்ல அழுத்திக்கொண்டிருக்கும்.

என் மனைவி பல் மருத்துவர். வலியைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்கத் தெரியாதவள். பேருந்து ஓட்டும் கணினி விளையாட்டு ஒன்றை, ஸ்டியரிங், பெடல் சகிதம் வாங்கி வந்தாள். மாமா முதலில் "பொம்மை வண்டி" என்று சிரித்தார். கொஞ்ச நாளில், ஆளில்லாத சிக்னலிலும் பச்சை விழும்வரை காத்து நின்றார்.

விளையாட்டில் படம் விட்டுவிட்டு ஓடியதால் மனைவி கணினிக்குப் புதிய கிராபிக்ஸ் கார்டு ஒன்றை வாங்கித் தானே பொருத்தினாள். திரையில் மழைத்துளி கண்ணாடியில் வழிவதுகூடத் தெரிந்தது. மாமா வைப்பரைப் போட்டார். ஏற்றத்தில் கியரை மாற்றினார். சட்டென்று திரை கறுத்துப்போனது.

ஸ்டியரிங்கை விடாமல் அவர் கேட்டார்: "எனக்கு மறுபடியும் மயக்கம் வந்துடுச்சாம்மா?"

3

"இல்லப்பா. கேம் கிராஷ் ஆயிடுச்சு."

"கிராஷா? யாருக்காவது அடிபட்டுச்சா?"

"ஐயோ, அப்பா! மெஷின் கோளாறுப்பா."

அவர் தலையாட்டினார். நம்பவில்லை. அடுத்தடுத்து அதே மாதிரி ஆனதும் ஸ்டியரிங் பக்கமே போகவில்லை. "எனக்குக் கை சரியில்ல, விடும்மா" என்றார்.

மனைவி விடுகிற ஆளில்லை. கார்டு விற்ற கடைக்காரரைத் தொலைபேசியில் பிடித்தாள். ஸ்பீக்கரில் அவர் குரல் வீடெங்கும் கேட்டது: "பழைய டிரைவரை முழுசா எடுத்துடுங்க மேடம். மிச்சம் மீதி இருந்தா புதுசு ஒழுங்கா ஓடாது."

உள்ளறையிலிருந்து மாமா: "எடுத்து ரொம்ப நாளாச்சுன்னு சொல்லும்மா!"

(டிரைவர் என்று கடைக்காரர் சொன்னது கார்டை இயக்கும் மென்பொருளை. நான் இட்டுக்கட்டியதாக நினைப்பீர்கள். இல்லை. மனைவி விழுந்து விழுந்து சிரித்தாள். அப்புறம் எழுந்துபோய் முகம் கழுவிக்கொண்டு வந்தாள்.)

பழைய மென்பொருளைச் சுத்தமாக நீக்கிப் புதியதைப் போட்டாள். அப்போதும் இருண்டது. சூடாகிறதோ என்று பெட்டியைத் திறந்து வைத்து ஃபேன் போட்டாள். அப்போதும்தான். பழைய கார்டைத் திரும்ப மாட்டினால் நிற்காமல் ஓடியது. புதியதில் படத்தின் தரத்தைக் குறைத்தாலும் ஓடியது. தரத்தைக் கூட்டிவிட்டு, மழையில் மலை ஏறினால் மட்டும் கறுத்தது.

4

இந்த இடத்தில் மாமாவே வந்து, "ஏத்தத்துல மட்டும் நிக்குதுன்னா டீசல் பத்தலம்மா" என்று கண்டுபிடிப்பதாக எழுதிப் பார்த்தேன். பிரமாதமாக வந்தது. சுத்தப் பொய். கண்டுபிடித்தது என் மனைவி: வேலை கூடும்போது புதிய கார்டு கேட்கும் மின்சாரத்தைப் பழைய பவர் சப்ளையால் கொடுக்க முடியவில்லை.

பெரிய பவர் சப்ளை வாங்கி வந்தோம். பெட்டிக்குள் டார்ச் அடித்தபடி நான் ஸ்குரூடிரைவரை எடுத்தேன். அவள் தடுத்தாள்.

"இரு. கெட்டுப்போயிருக்கும்போதே அப்பா ஒருதடவை பாக்கணும்."

அவரைக் கைபிடித்துக் கூட்டி வந்து பக்கத்து நாற்காலியில் உட்கார்த்திவிட்டு, ஸ்டியரிங் முன்னால் அவள் உட்கார்ந்தாள். அவளுக்கு ஓட்ட வராது. புறப்பட்டதுமே ஒரு கம்பத்தில் உரசினாள்.

"கிளட்சை மெதுவா விடும்மா. மெதுவா! ஆளுங்க இருக்காங்க உள்ள."

மழை. மலை. கியர். திரை கறுத்தது.

மாமா திரையைப் பார்த்தார். மகளைப் பார்த்தார். "உனக்குமா?"

"எனக்கும்தான்ப்பா."

"அப்போ அது நான் இல்ல" என்றார். மகளிடம்தான் சொன்னாரா என்று தெரியவில்லை. அவள் தலையில் கை வைத்தார். கொஞ்ச நேரம் எடுக்கவே இல்லை.

(நான் டார்ச்சை அணைக்க மறந்து நின்றிருந்தேன். இதை எழுதத் தேவையில்லை. எழுதிவிட்டேன்.)

5

பவர் சப்ளையை மாற்றினோம். இரண்டு முடிவுகள் எழுதி வைத்திருந்தேன். ஒன்றில் மாமா உச்சியைக் கடக்கிறார், மழை விடுகிறது. மற்றொன்றில் திரை மறுபடி இருள்கிறது, இந்த முறை அவர் பயப்படவில்லை. இரண்டையும் படித்த மனைவி, "ரெண்டும் வேணாம். அவர் கிளம்புறதோட விடு" என்றாள்.

எனவே, அவர் கிளம்புகிறார். முதுகை நிமிர்த்தி உட்கார்ந்தவர், எஞ்சினைப் போடுமுன் பின்னால் திரும்பி எங்களைப் பார்த்தார்.

"நின்னுக்கிட்டு வரக்கூடாது. எல்லாரும் உக்காந்தாத்தான் வண்டியை எடுப்பேன்."

நாங்கள் உட்கார்ந்துவிட்டோம். இன்னும் ஓர் இடம் இருக்கிறது. நீங்கள் உட்காரத்தான் காத்திருக்கிறார்.