கிளைவ் கேட்ட பூஞ்சை

1.

இந்தக் கதை எங்கே பிறந்தது என்று முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: எரிச்சலில். ஒரு ஆள் என் பட்டறைக்கு வந்து, உள்ளங்கையில் அடங்கும் வீடு ஒன்றின் சுவரில் இன்னும் கொஞ்சம் பூஞ்சை வேண்டும் என்றான். அதே ஆளுக்குச் சொந்தமான நிஜ வீட்டில், என் அம்மாவின் கட்டிலுக்குப் பின்னால், அது வேண்டிய மட்டும் இருக்கிறது. கேட்டிருந்தால் சுரண்டியே கொடுத்திருப்பேன்.

இவ்வளவுதான் விஷயம். மீதியெல்லாம் எழுத்து.

2.

முதல் தொடக்கம்: "நாட்டிங்ஹாம் நகரத்தின் மீது மழை மென்மையாக—"

வேண்டாம். மென்மையான மழையை எழுதுகிறவர்களுக்குக் கூரை ஒழுங்காக இருக்கிறது என்று அர்த்தம்.

இரண்டாம் தொடக்கம்: "கட்டடக்கலையில் பட்டம் வாங்கிய ஓர் ஏழைப் பெண்—"

இதுவும் வேண்டாம். உங்களுக்கு உடனே பரிதாபம் வந்துவிடும். பரிதாபம் வந்தால் நீங்கள் படிப்பதை நிறுத்திவிட்டு உங்களையே மெச்சிக்கொள்ள ஆரம்பித்துவிடுவீர்கள். தகவலாக மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்: எங்கள் குடும்பத்தில் பல்கலைக்கழக வாசலை மிதித்த முதல் ஆள் நான். படித்தது வீடு கட்ட. செய்வது பொம்மை வீட்டுக்குச் சாயம் பூச. லேஸ் துணி நெய்த பழைய மில் ஒன்றில் வாடகை அறை, மேசை, விளக்கு, தூரிகைகள். வேலை பிடித்திருக்கிறது. அது இன்னும் எரிச்சல்.

மேசைப் போர் விளையாட்டு தெரியாதவர்களுக்கு: வளர்ந்த ஆண்கள் பெரிய மேசையைச் சுற்றி நின்று, விரலளவு சிப்பாய்களை நகர்த்தி, பகடை உருட்டி, அளவுநாடா பிடித்துச் சண்டை போடுவார்கள். சிப்பாய்கள் ஒளிந்துகொள்ள வீடுகள் வேண்டும். எங்கள் ஊரில் பல் டாக்டர் கிடைப்பது கஷ்டம். இந்த ஆட்கள் தடுக்கி விழுந்தால் கிடைப்பார்கள்.

இவர்களிடம் புது வீட்டுக்கு மதிப்பே கிடையாது. சுவர் பளிச்சென்று இருந்தால் "பொம்ம மாதிரி இருக்கு" என்று முகத்தைச் சுளிப்பார்கள். (பொம்மைதான்டா அது.) அதனால் சாயம் பூசி முடித்த பிறகுதான் உண்மையான வேலை ஆரம்பம். கரும்பழுப்பைத் தண்ணீராகக் கரைத்துச் செங்கல் இடுக்குகளில் ஓடவிட வேண்டும். ஸ்பான்ஜ் துண்டால் ஒற்றிக் காரையை உரிய வைக்க வேண்டும். துருவை வழியவிட வேண்டும். எனக்குக் கூலியே அழுக்குக்குத்தான்.*

* அம்மா ஞாயிற்றுக்கிழமைகளில் பிளீச் ஊற்றிச் சுவரைத் தேய்ப்பாள். நான் பூசுகிறேன், அவள் தேய்க்கிறாள். ஒரே வீட்டின் இரண்டு பெண்கள். [இந்த வாக்கியம் கொஞ்சம் அழகாக இருக்கிறது. நம்பாதீர்கள்.]

3.

கிளைவ் பெம்பர்டன். ஆல்மா தெருவில் பாதி வீடுகள் அவனுடையவை. அதில் ஒன்றில் நானும் அம்மா ஜனீனும் வாடகைக்கு இருக்கிறோம். அவன் எங்களைப் பார்த்ததில்லை, எல்லாவற்றுக்கும் ஏஜென்ட். பூஞ்சையைப் பற்றி அம்மா புகார் சொன்ன ஒவ்வொரு முறையும் ஏஜென்ட் சொன்ன பதில் ஒன்றுதான்: கிளைவ் உங்கள் புகாரைப் பார்த்துவிட்டார், தவறு உங்கள் மேல், துணியை உள்ளே காயப்போடாதீர்கள், ஜன்னலைத் திறந்து வையுங்கள். அம்மா ஜனவரியில் ஜன்னலைத் திறந்து வைத்தாள். பூஞ்சை போகவில்லை. இருமல் வந்தது.

இப்போது பட்டறை. அவனுடைய போர் மேசைக்காக நான் பூசிய வீட்டை கிளைவ் விளக்கில் பிடித்துப் பார்க்கிறான்.

"என்னம்மா இது, பூஞ்சையா? பச்சப் பொட்டு வச்சு விட்ட மாதிரி இருக்கு."

"எங்க வேணும்னு சொல்லுங்க கிளைவ், வச்சிடலாம்."

"நடுச் சுவர்ல எவனாச்சும் வைப்பானா? நீ வீட்டுலதான வளந்த?"

கூரையைக் கழற்றி மேசையில் வைத்தான். சுண்டுவிரலால் தொட்டுக் காட்டினான். டாக்டர் நோயாளியைத் தொடுவதைவிட மென்மையாக.

"இங்க பாரு. கூரை ஓரத்துல மழத்தண்ணிக் குழாய். அதுல விரிசல். தண்ணி வெளிச்சுவர்ல வழியும். செங்கல் குடிச்சுக்கிட்டே இருக்கும். உள்ள மேல் மூலைல ஆரம்பிச்சு, கட்டிலுக்குப் பின்னால எறங்கும். குழாய மாத்தாம எத்தன தடவ தொடச்சாலும் திரும்ப வரும். அந்தச் சனியன் அப்படித்தான்."

"உள்ள துணி காயப்போட்டா வரும்கறாங்களே?"

சிரித்தான். "அதுக்கு ஜன்னல் கண்ணாடி வேர்க்கும். இப்படி எறங்காது. யாரோ உன்ன நல்லா ஏமாத்திருக்கான்."

எங்கள் வீட்டுக் குழாயில் விரிசல் அதே இடத்தில்தான் இருக்கிறது.

4.

இங்கே நிறுத்துகிறேன். கிளைவ் ரொம்பச் சுலபமாக மாட்டிக்கொண்டான் என்று உங்களுக்குத் தோன்றும். எழுத்து வகுப்பில் சொல்வார்கள்: கெட்டவனுக்கும் ஒரு நல்ல பக்கம் கொடு. சரி என்று அவனுக்கு ஒரு நாய் கொடுத்தேன். மூன்று கால் நாய், தெருவிலிருந்து எடுத்து வளர்த்தது. [நீக்கிவிட்டேன். நாய் என்ன பாவம் செய்தது?]

அவன் பொய்யன் என்றுகூட எனக்குத் தோன்றவில்லை. பொம்மை வீட்டைப் பற்றி அவன் உண்மையைச் சொல்லலாம். அங்கே யாரும் வாடகைக்கு இல்லை.

5.

வீட்டைத் திரும்பப் பூசினேன். அவன் சொன்னபடியே: விரிசல், வழிசல், மூலை, கட்டில். கூடவே அவன் சொல்லாததையும். எங்கள் கதவின் பச்சை. அம்மாவின் பூப்போட்ட திரைச்சீலை, மெல்லிய காகிதத்தில். துணி காயப்போடும் கம்பி ஸ்டாண்டு. கிளைவுக்குத் தலைகால் புரியவில்லை. "இதுதாம்மா வீடு!" என்றான்.

மேசைப் போர்க்காரர்களின் கண்காட்சி ஒரு விளையாட்டு அரங்கில். கிளைவின் மேசைக்குச் சிறந்த போர்க்களம் என்று பரிசு அட்டை வைத்திருந்தார்கள். அம்மா பார்க்க வந்தாள், எங்கள் ஊர்த் தின்பண்டமான, புதினாச் சாறு ஊற்றிய பட்டாணி மசியலைக் கையில் வைத்துக்கொண்டு.

"ஏண்டி. இது நம்ம வீடுடி."

"ஆமா."

"என் திரைச்சீலைய ஊருக்கே காட்டிட்டியா? சொல்லியிருந்தா இஸ்திரி போட்டிருப்பேன்ல." பிறகு குரலைத் தாழ்த்தி, "இந்தாளா அது? வாயத் தொறக்காத. காலி பண்ணச் சொன்னா எங்கடி போவோம்?"

"நீ கேளும்மா. குழாய மட்டும் கேளு."

அம்மாவுக்கு இருமல் வந்தது.

"கொஞ்சம் தள்ளி நின்னு இருமுங்கம்மா," என்றான் கிளைவ். "சிப்பாயெல்லாம் சாஞ்சிடுவான்."

வாயைத் திறக்காதே என்றவள்தான் திறந்தாள்.

"இந்த வீட்டுல யாருங்க இருக்கா?"

"யாரும் இல்ல. குண்டு விழுந்ததும் ஓடிட்டாங்க."

"ஓடல. அது என் கட்டில். ஆல்மா தெரு, பச்சக் கதவு, உங்க வீடு. குழாய் ஒடஞ்சு கெடக்கு. எப்ப மாத்துவீங்க?"

பக்கத்து மேசையில் பகடைச் சத்தம் நின்றது. கிளைவ் அம்மாவைப் பார்க்கவில்லை. குனிந்தான். இந்த விளையாட்டில் சந்தேகம் வந்தால் எல்லோரும் செய்வது அதுதான்: சிப்பாயின் உயரத்துக்குத் தலையை இறக்கி, ஒரு கண்ணை மூடி, ஜன்னல் வழியாக என்ன தெரிகிறது என்று பார்ப்பது. நின்றுகொண்டு சொல்வது செல்லாது. முழங்கால் சடக்கென்றது. கன்னம் மேசையில் பட்டது. அவன் கண் எங்கள் ஜன்னலில் இருந்தது.

6.

முடிவுகள்.

(அ) அவன் கண் கலங்குகிறது. மறுநாள் புதுக் குழாய். உங்களுக்கு நன்றாகத் தூக்கம் வரும்.

(ஆ) வீட்டைக் காலி செய்யச் சொல்லி ஏஜென்ட் வருகிறான். உலகம் இப்படித்தான் என்று ஒரு பெருமூச்சு விடுவீர்கள். அதற்கும் தூக்கம் வரும்.

(இ) அம்மா பட்டாணி மசியலைப் போர்க்களத்தின் மேல்— எழுதும்போது கை இனித்தது. அடித்துவிட்டேன். அவள் அதைக் காசு கொடுத்து வாங்கினாள், கொட்டமாட்டாள்.

மூன்றும் வேண்டாம். கிளைவைக் குனிந்தபடியே விட்டுவிட்டேன். இடுப்பு வலிக்கும். வலிக்கட்டும்.

நிமிர்ந்தால் வாயைத் திறப்பான். ஒன்று குழாய் என்பான், இல்லை துணி என்பான். குழாய் என்று அவன் சொன்னதைக் கேட்டவள் இதுவரை நான் ஒருத்திதான். மூன்றாம் பகுதியிலிருந்து நீங்களும் இருக்கிறீர்கள். ஆகவே அவனை நிமிர்த்தும் வேலை உங்களுடையது. என்ன சொல்ல வைக்கிறீர்களோ, அதை அங்கேயே, என் அம்மாவின் முகத்தைப் பார்த்துச் சொல்ல வையுங்கள்.

அவள் கேட்டது, எப்ப மாத்துவீங்க. பதில் வாங்காமல் அங்கிருந்து நகரமாட்டாள்.