கண்ணாடிக்காரம்மா வீட்டு அறைகள்

கண்ணாடிக்காரம்மாவின் வீட்டில் மூன்றாவது அறை முளைத்தது ஒரு புதன்கிழமை காலையில், அவள் கணவர் வேலைக்குப் போய்க் கால் மணி நேரம் கழித்து. அதுவரை அந்த வீட்டுக்கு இரண்டு அறைகளும் ஒரு சமையலறையும்தான். லிஃப்ட் பழுது பார்க்கும் அந்த மனிதர் அன்று போனை மேஜையிலேயே மறந்துவிட்டுப் போயிருந்தார். அதைப் பார்த்ததும் அவளுக்கு, உயரமான ஏதோ ஒரு கட்டடத்தில் கயிற்றைப் பிடித்துத் தொங்கும் அவருடைய கை நழுவுவது போல் ஒரு நினைப்பு வந்தது. நிமிர்ந்து பார்த்தால் அலமாரிக்கும் ஜன்னலுக்கும் நடுவே, வெறும் சுவராக இருந்த இடத்தில், ஒரு கதவு. திறந்தாள். உள்ளே ஓர் இரும்புக் கட்டில், மடித்து வைத்த வெள்ளை விரிப்புகள், மருந்து வைக்க ஒரு முக்காலி, மூலையில் சாய்த்து வைத்த இரண்டு ஊன்றுகோல்கள். அந்தச் சுவருக்கு மறுபக்கம் பக்கத்து வீட்டு மாடிப்படி இருந்தது. அதற்கு ஒரு கீறல்கூட விழவில்லை. அவள் கத்தவில்லை. அறை என்று ஒன்று வந்துவிட்டால் பெருக்கித்தானே ஆகவேண்டும்? துடைப்பத்தை எடுத்துக்கொண்டு வந்தாள்.

சாயங்காலம் முழுசாகத் திரும்பி வந்த லிஃப்ட்காரர் சுவரைத் தட்டிப் பார்த்தார், ஒற்றைக் கண்ணை மூடிக்கொண்டு மூலைகளைப் பார்த்தார். "யார் கட்டினாலும் தூக்குக்குண்டு பிடிச்சு நேராத்தான் கட்டியிருக்காங்க" என்றார். அதற்கு மேல் அவர் அதைப் பற்றிப் பேசவில்லை. பேசினால் மனைவி இன்னும் கவலைப்படுவாள் என்று அவருக்குத் தெரியும்.

பேசாமலும் அவள் கவலைப்பட்டாள். அவளுடைய வேலை அப்படி. கண்ணாடிக் கடையின் பின்கட்டில் உட்கார்ந்து, லென்ஸ்களை ஃபிரேமுக்குத் தக்கபடி சாணை பிடிக்கும் வேலை; மயிரிழை கூடினாலும் லென்ஸ் உள்ளே போகாது, குறைந்தாலும் நிற்காது. நாளெல்லாம் எங்கே தப்பு வரும் என்று தேடிப் பார்த்த கண், வீட்டுக்கு வந்தும் மூட மறுத்தது. மகளுக்கு இரண்டு நாள் சளி பிடித்தபோது ஆறு தெர்மாமீட்டர்கள் தொங்கும் ஓர் அறை வந்தது. கடையை மூடப்போவதாக யாரோ சொன்னபோது, ஒரு நாற்காலியும் அதன் மேல் பிரிக்காத ஒரு கடிதமும் உள்ள அறை. தன் பார்வையே போய்விட்டால் என்ற பயத்துக்கு ஜன்னலே இல்லாத ஓர் அறை வந்தது. பிடித்துக்கொண்டு நடக்கச் சுவர் ஓரமாகக் கயிறு கட்டியிருந்தது. விருந்தாளிகளுக்குச் சாப்பாடு போதாமல் போய்விடுமோ என்ற நினைப்பில் வந்த அறை முழுக்கத் தட்டுகள். இஸ்திரிப் பெட்டியை அணைத்தோமா இல்லையா என்ற சந்தேகத்துக்கு வந்த அறைக்குள் ஓர் ஆள் பக்கவாட்டில்தான் நுழையமுடியும். எதற்காக வந்தது என்று அவளுக்கே மறந்துபோன ஓர் அறையும் இருந்தது. அதில் ஒன்றுமில்லை, ஆனால் உள்ளே போனால் வயிற்றைப் பிசையும்.

நான்கு வருஷத்தில் முப்பத்தேழு அறைகள். வெளியிலிருந்து பார்த்தால் அதே பழைய வீடு. ஒவ்வொரு அறைக்கும் ஒரு சாவி. எல்லாவற்றையும் ஒரே வளையத்தில் கோத்து இடுப்பில் செருகிக்கொண்டாள். அந்தப் பாரத்தில் அவளுடைய ஒரு தோள் இறங்கிப்போனது. விடியும் முன் எழுந்து முப்பத்தேழையும் பெருக்கித் துடைத்துவிட்டுத்தான் வேலைக்குப் போவாள். எதற்கு என்று கணவர் கேட்டால், "தேவைப்படுறப்போ தூசியா இருந்தா என்னங்க பண்றது?" என்பாள்.

அவள் சாமி கும்பிடாதவள் இல்லை. ஞாயிறு தவறாமல் ஆராதனைக்குப் போவாள், இரண்டாவது வரிசையில் நின்று பாடுவாள், தினமும் முழங்காலில் நின்று முப்பத்தேழு அறைகளையும் வரிசையாகச் சொல்லி ஜெபிப்பாள். ஆனால் அவளுடைய ஜெபம், அலுவலகத்துக்குப் போய் மனுவைத் தெளிவாக வாசித்துக் காட்டிவிட்டு, அதைக் கொடுக்காமல் மறுபடி மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டு வீடு திரும்புகிறவர் செய்கிற காரியமாக இருந்தது.

ஒருமுறை சபைப் போதகர் வீட்டுக்கு வந்தார். கை கழுவ எழுந்து போனவர் இரண்டு மணி நேரம் வரவில்லை. தட்டுகள் அறை வழியாக, தாடியில் ஒட்டடையோடு வெளியே வந்து, கொடுத்த டீயை ஒரே மூச்சில் குடித்தார். "ஏம்மா, உங்க வீட்ல ஒரு ரூம் என்னோடதும்மா" என்றார். காலி பெஞ்சுகள் போட்ட அறையாம். ஒரு ஞாயிற்றுக்கிழமை ஒருத்தருமே வராமல் போய்விட்டால் என்று அவர் பல வருஷமாக யாரிடமும் சொல்லாமல் வைத்திருந்த பயமாம். நல்ல வார்த்தை ஏதாவது சொல்லுவார் என்று அவள் காத்திருந்தாள். அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "எனக்கு என்ன சொல்றதுன்னு தெரியலம்மா. நானே இன்னும் ஆண்டவர்கிட்ட கேட்டுட்டுதான் இருக்கேன்" என்று சொல்லிவிட்டுப் போனார். அதன் பிறகு அவருடைய பிரசங்கம் கொஞ்சம் சுருங்கியது. ஜனங்களுக்கு முன்னைவிடப் பிடித்தது.

மகளை எல்லோரும் வாலு என்றுதான் கூப்பிட்டார்கள். வாலுக்கு அந்த அறைகள் மேல் பயமே கிடையாது. ஊன்றுகோலில் நொண்டியடிப்பாள், தெர்மாமீட்டர்களைப் பொம்மைகளின் வாயில் வைப்பாள். அவளுக்கு எட்டு வயது நடக்கும்போது ஒரு சனிக்கிழமை மத்தியானம், அவள் உதைத்த பந்து உருண்டு அறைகளுக்குள் போக, பின்னாலேயே போனவள் திரும்பவில்லை. தாய் கூப்பிட்டாள்.

"இங்கதாம்மா இருக்கேன்!" என்று சுவருக்கு அந்தப் பக்கமிருந்து குரல் வந்தது.

போய்க் கதவைத் திறந்தாள். பிள்ளை இல்லை. அது புது அறை. சுவரில் பள்ளிக்கூடத்துக் குழந்தைகளின் புகைப்படம், அதில் ஒரு முகம் மட்டும் வெள்ளையாக இருந்தது. அடுத்த கதவைத் திறந்தாள். காவல் நிலையத்தில் போட்டிருப்பதைப் போன்ற ஒரு நீள பெஞ்ச். மறுபடி கூப்பிட்டாள். "அம்மா!" என்ற குரல் இன்னும் தள்ளிக் கேட்டது. ஓடினாள். ஒரு பயத்துக்கு ஓர் அறை, அடி வைப்பதற்குள் அடுத்த பயம், அடுத்த அறை. சாவிவளையம் இடுப்பில் அடித்துக்கொண்டே வந்தது. பூட்டே இல்லாத கதவுகளுக்கும் கை தானாகச் சாவி தேடியது. பத்தொன்பது அறை தாண்டியபோது பிள்ளையின் குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருவது போலாகிவிட்டது. இருபதாவது அறையின் நடுவில் ஒரு ஜோடி சின்னச் செருப்பு மட்டும் இருந்தது.

அது எதற்கான அறை என்று அவளுக்குத் தெரிந்தது. அப்படியே தரையில் உட்கார்ந்தாள். அப்போதுதான் புரிந்தது: தனக்கும் மகளுக்கும் நடுவே இத்தனை சுவரையும் எழுப்புவது வேறு யாருமில்லை. 'பயப்படாதே, பயப்படாதே' என்று தனக்குத்தானே சொல்லிப் பார்த்தாள். அந்தச் சொல்லுக்கும் எதிர்ச் சுவரில் ஒரு கதவு முளைத்தது. எழுந்து போய் அதைத் திறக்க உடம்பு துடித்தது. பெற்ற பிள்ளை காணாமல் போயிருக்கும்போது உட்கார்ந்திருக்க எந்தத் தாயால் முடியும்? ஆனால் எழுந்தால் இன்னும் ஒரு சுவர். அவள் இடுப்பிலிருந்து சாவிவளையத்தை உருவித் தரையில் வைத்தாள். எத்தனையோ வருஷமாகப் பட்டியல் போட்டே ஜெபித்த வாய்க்கு அன்று பட்டியல் வரவில்லை.

"ஆண்டவரே, என்னால முடியல" என்றாள். "அவ எனக்குப் பிள்ளையாகுறதுக்கு முன்னாடியே உங்களுக்குப் பிள்ளை. நீங்க பாத்துக்கங்க. நான் இங்கயே உக்காந்திருக்கேன்."

உட்கார்ந்திருந்தாள். பயம் போய்விடவில்லை, அது பாட்டுக்கு நெஞ்சில் இடித்துக்கொண்டிருந்தது. ஆனால் அவள் அதன் பின்னால் ஓடவில்லை. ஒரு நிமிஷமோ அரை மணியோ, அவளுக்குக் கணக்குத் தெரியாது. புதுக் கதவு எதுவும் வரவில்லை. யாரோ பக்கத்தில் வந்து உட்கார்ந்து, இறங்கிப்போன அந்தத் தோளில் கை வைத்ததைப் போல் இருந்தது என்று பிற்பாடு சபையில் சாட்சி சொன்னாள். திரும்பிப் பார்க்கத் தோன்றவில்லையாம், அவ்வளவு தெரிந்த கையாம். பிறகு, ஏற்கெனவே அங்கிருந்த கதவு திறந்தது. பந்தைத் தட்டிக்கொண்டே வாலு உள்ளே வந்தாள்.

"ஏம்மா தரையில உக்காந்திருக்க?"

"எங்கடி போன?"

"எங்கயும் போகல. பக்கத்து ரூம்லதான் இருந்தேன். நீதான் கத்திக்கிட்டே ஓடிட்டே இருந்த."

தாய் அவளைக் கட்டிக்கொண்டு அழுத அழுகையில் பந்து நனைந்தது. இருவரும் எழுந்து கதவைத் திறந்தால் நேரே சமையலறை. அன்று வந்த அறைகள் அதன் பிறகு யார் கண்ணிலும் படவில்லை. சாவிவளையமும் அவற்றோடு போய்விட்டது. பழைய அறைகள் மட்டும் பூட்டு இல்லாமல் நின்றன.

அத்தோடு அவளுக்குக் கவலை தீர்ந்துவிட்டது என்று சொன்னால் அது பொய். சுபாவம் ஒரே நாளில் மாறுமா? மாதத்துக்கு ஒன்றோ இரண்டோ அறை வந்துகொண்டுதான் இருந்தது. ஆனால் இப்போது அவள் உள்ளே போய்ப் பெருக்குவதில்லை. வாசலில் நின்று, "இது உங்களுது" என்று மேலே பார்த்துச் சொல்லிவிட்டு வேலைக்குக் கிளம்பிவிடுவாள். சில நாள் தெருமுனை வரை போய், மனசு கேட்காமல் திரும்பி வந்து எட்டிப் பார்ப்பாள். பிறகு மறுபடி ஒருமுறை கொடுப்பாள். "இன்னிக்கு ஏதாவது வந்துச்சா?" என்று கணவர் கேட்பார். "ஒண்ணு வந்துச்சுங்க. கொடுத்துட்டேன். ரெண்டு தடவை கொடுக்க வேண்டியதாப் போச்சு."

அதிலிருந்து மூன்றாம் வருஷம் கணவர் நிஜமாகவே விழுந்தார். ஒரு மாடி, இன்னொரு மாடியில் பாதி. கால் இரண்டு இடத்தில் முறிந்தது. வீட்டுக்குக் கொண்டுவந்தபோது அவள் அந்தப் பழைய, முதல் அறையைத் திறந்தாள். கட்டில் இருந்தது, விரிப்பு இருந்தது, ஊன்றுகோலும் இருந்தது. ஆனால் கட்டில் சுவரைப் பார்க்கத் திரும்பியிருந்தது; பார்க்க வருகிறவர் உட்கார ஒரு நாற்காலி இல்லை. அவ்வளவு பார்த்துப் பார்த்துக் கவலைப்பட்டவள், யாராவது வருவார்கள் என்று நினைத்ததே இல்லை. கட்டிலை ஆள் வைத்துத் தூக்கிக் கூடத்து ஜன்னல் ஓரம் போட்டாள். மூன்று மாதமும் சபையிலிருந்து ஆள் மாற்றி ஆள் வந்தார்கள். போதகர் செவ்வாய்தோறும் சதுரங்கம் ஆட வந்து, செவ்வாய்தோறும் தோற்றார். "விழுந்தப்போ பயமா இருந்துச்சாங்க?" என்று ஒருநாள் கேட்டாள். "பயப்பட எங்க நேரம் இருந்துச்சு? எனக்கும் சேத்துதான் நீ முன்னாடியே பயந்துட்டியே" என்றார் லிஃப்ட்காரர். அவள் சிரித்தாள். சிரிக்க முடிந்ததே என்று அவளுக்கே ஆச்சரியம்.

அந்த வருஷக் கடைசியில், இரண்டு தெரு தள்ளி ஓர் அடுக்குமாடிக் கட்டடம் விரிசல் விட்டுக் கீழே அமுங்கியது. நல்லவேளை, உயிர்ச்சேதம் இல்லை. குடியிருந்த ஒன்பது குடும்பமும் மூட்டை முடிச்சோடு தெருவில் நின்றன. கண்ணாடிக்காரம்மா வேலையிலிருந்து திரும்பும் வழியில் அவர்களைப் பார்த்தாள். எங்கே இடம், எப்படிச் சாப்பாடு, எத்தனை நாள் என்று அவள் மனசு வழக்கம்போல் ஆரம்பிக்கப் பார்த்தது. அதற்குள் அவள் வாய் முந்திக்கொண்டு, "வாங்க, எங்க வீட்ல இடம் இருக்கு" என்றது. வாசலில் நின்று அந்த இரட்டை அறை வீட்டைப் பார்த்தவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். பிறகு ஒவ்வொருவராக உள்ளே போனார்கள். நாற்பத்தொரு பேரும் போனார்கள். போனவர்கள் அவரவர் சாமான் வைக்கவும் இடம் இருந்தது. பிள்ளை பெறும் நிலையில் இருந்த ஒருத்தி, காரணம் மறந்துபோன அந்த அறையைக் கேட்டு வாங்கிக்கொண்டாள். அங்கே நல்ல அமைதி என்றாள். பெண் குழந்தை பிறந்தது. அன்றிலிருந்து அங்கே போனால் யாருக்கும் வயிற்றைப் பிசையவில்லை. சிலர் வேறு வீடு பார்த்துப் போனார்கள், சிலர் போகவில்லை, வேறு சிலர் வந்தார்கள்.

போன வருஷம் மக்கள்தொகைக் கணக்கு எடுக்க ஒருவர் வந்தார். சின்ன உடம்பு, பெரிய பை. வெளியே நின்று பார்த்து, அறைகள் இரண்டு என்று முதலிலேயே எழுதிக்கொண்டார். உள்ளே வந்ததும் அதை அடித்தார். அறுபத்துமூன்று வரை எண்ணினார். அறுபத்துநான்காவதில் யாரோ டீ கொடுத்தார்கள், எண்ணிக்கை விட்டுப்போனது. மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தபோது எழுபத்தொன்று வந்தது.

"சரியா எத்தனைன்னு சொல்லுங்கம்மா. நான் எழுதணும்ல."

கண்ணாடிக்காரம்மா மூக்கில் இருந்த கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு யோசித்தாள். "எண்ணுறதை நான் எப்பவோ விட்டுட்டேன் தம்பி" என்றாள். "இதுவரைக்கும் யாரையும் திருப்பி அனுப்பினதில்லை."

அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். மணி ஐந்தாகிவிட்டது, இன்னும் தெருவில் பதினோரு வீடு பாக்கி. அறைகளின் எண்ணிக்கை என்ற கட்டத்தில் 'போதுமானவை' என்று எழுதி, அவளிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டு, பக்கத்து வீட்டுக்குப் போனார்.