ஹன்னா போட்ட நட்சத்திரம்

ஷாஹிரா வாயைத் திறந்தால் அவள் கணவர் சிக்கந்தர் "ம்ம்" என்பார். எது சொன்னாலும் அதே ம்ம்தான். அரிசி தீர்ந்துபோச்சு, ம்ம். உங்க தங்கச்சிக்குப் பேரன் பொறந்திருக்கான், ம்ம். சூலியா தெருவை ஒட்டிய சந்தில் இருந்த அவர்களுடைய நாசி கண்டார் சோற்றுக் கடையில், அடுக்களைக்கும் சோறு போடும் மேசைக்கும் நடுவே ஒரு கதவுகூடக் கிடையாது. இருந்தும் அவள் பேச்சு அவர் காதுவரை போய்ச் சேருவதில்லை. வலது கையில் அகப்பை, இடது கையில் ஹேன்போன், கண் இரண்டும் இடது கையில் என்று நின்றுகொண்டிருந்தார் மனுஷன்.

சாப்பிட்டுப் போனவர்கள் கடைக்கு நட்சத்திரம் போடும் இடம் ஒன்று இணையத்தில் இருப்பதை யாரோ ஒரு புண்ணியவான் அவருக்குக் காட்டிக்கொடுத்ததிலிருந்து வந்த வினை இது. முன்பெல்லாம் ஆணம் கொதித்து இறங்கியதும் அந்தக் குழம்பில் ஒரு சொட்டை உள்ளங்கையில் விட்டு நக்கிப் பார்த்து, "உப்பு" என்றோ "புளி" என்றோ ஒரே வார்த்தை சொல்வார். அந்த நாக்கை நம்பித்தான் கடையே நடந்தது. இப்போது உப்பு கூடியதா குறைந்ததா என்பதையும் ஜொகூரிலிருந்து வந்துபோன எவனாவது எழுதித்தான் அவர் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது.

இதெல்லாம் கிடக்கட்டும் என்று ஷாஹிரா விட்டிருப்பாள். சிக்கந்தரின் கால்தான் அவளை விடவில்லை. இறால் கழுவும் இடத்தில் செருப்பில்லாமல் நின்றபோது இறால் தலையின் முள் அவருடைய இடது கால் சுண்டுவிரல் பக்கம் ஏறிவிட்டது. மற்றவர்களுக்கு ரெண்டு நாளில் ஆறிப்போகிற காரியம். சிக்கந்தருக்கோ இனிப்பு நீர், ரத்தத்தில் சர்க்கரை. காயம் வாயை மூடாமல், ஓரம் கறுத்து, துணி சுற்றிய இடத்தில் ஈரம் கசிந்துகொண்டே இருந்தது. அவருடைய வாப்பாவுக்கும் இப்படித்தான் ஆரம்பித்தது. முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். கடைசிவரை அந்த மாமாவுக்குக் கட்டு மாற்றியவள் ஷாஹிராதான். அந்த வாடையை அவள் மூக்கு மறக்கவில்லை.

"என்னங்க, கிளினிக்குக்குப் போயிட்டு வந்திடுவோம்லா."

"ம்ம்."

"வாப்பாவுக்கு நடந்தது ஞாபகம் இருக்குல்ல? இப்பவே காட்டிட்டா மருந்தோட போயிடும்."

"ம்ம்."

அவளுக்கு எரிச்சல் மண்டைக்கு ஏறியது. "நான் ஹைதர் அண்ணனோட ஓடிப் போறேன்."

"ம்ம். சாவிய வெச்சிட்டுப் போ."

அடுப்பில் கோழியைக் கிளறிக்கொண்டிருந்த சமையல்காரர் ஹைதர் திரும்பிப் பார்த்தார். அவருக்கு வயது அறுபதை நெருங்குகிறது. "எனக்கு மூட்டு வலி தங்கச்சி, ஓடல்லாம் முடியாது. பஸ்ல வேணா போவோம்" என்றார். ஷாஹிராவுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன.

அந்த வாரம் ஜெலுத்தோங்கிலிருந்து தங்கை இஸ்ஸதி வந்தபோது இதைச் சொல்லித்தான் ஷாஹிரா மூக்கைச் சிந்தினாள். இஸ்ஸதி சின்ன வயதிலிருந்தே குறும்புக்காரி. கன்னத்தில் கை வைத்து யோசித்துவிட்டுச் சொன்னாள், "லாத்தா, மச்சானுக்கு வீட்டு ஆளுங்க சொன்னா ஏறாது. ஊர்பேர் தெரியாதவங்க எழுதுனா குரான் மேல சத்தியம் பண்ண மாதிரி நம்புவாரு. நீ ஊர்பேர் தெரியாதவளா ஆயிடு."

அப்படித்தான் ஹன்னா பிறந்தாள். ஹன்னா என்பது இஸ்ஸதி வீட்டுப் பூனையின் பெயர். படமும் பூனையின் படம்தான், கண்ணை மூடிக்கொண்டு வெயில் காய்கிற படம். நடை தெரிந்துவிடக்கூடாது என்று எல்லாவற்றையும் மலாயில் எழுதுவது என முடிவானது. எடுத்த எடுப்பில் காலைப் பற்றி எழுத ஷாஹிராவுக்குப் பயமாக இருந்தது. முதலில் காத்தாடியில் சோதித்துப் பார்த்தாள்.

"சாப்பாடு ருசி. ஆனால் அடுக்களைப் புகை கண்ணைக் கரிக்கிறது. புகை இழுக்கும் காத்தாடி ஓடவில்லையா? மூன்று நட்சத்திரம்."

அந்தக் காத்தாடி நின்றுபோய் வருஷக்கணக்காகிறது. அவள் அதைப் பற்றிச் சொல்லாத நாள் கிடையாது. அன்று மாலை அஸர் தொழுகைக்குப் பாங்கு சொல்வதற்குள் ஒரு ஆள் ஏணி போட்டு ஏறிப் புதுக் காத்தாடியை மாட்டிக்கொண்டிருந்தான். ஷாஹிரா முகத்தைப் பாத்திரத்துக்குள் விட்டுக்கொண்டு சிரித்தாள்.

ருசி கண்டுவிட்டாள். பின்கட்டில் ஒழுகும் குழாயை ஹன்னா கண்டித்தாள், குழாய் மாறியது. கடைக்காரர் சட்டையில் மஞ்சள் கறை என்றாள், வெளுத்த சட்டையோடு வந்து நின்றார். சிரித்த முகமாக இருந்தால் நன்றாக இருக்கும் என்றாள், அன்று முழுக்க சிக்கந்தர் பல்வலிக்காரர் போல இளித்துக்கொண்டே சோறு போட்டார். வருகிறவர்கள் பயந்து காசைக் கொடுத்துவிட்டு வேகமாக நகர்ந்தார்கள்.

இதில் ஒன்றை ஷாஹிரா கவனிக்கவில்லை. அவளுடைய ஹேன்போன் முன்பு மாடியில் அலமாரிக்குள் கிடக்கும். இப்போது மசாலா டப்பாவின் மேல் உட்கார்ந்திருந்தது. ஹன்னாவுக்கு அவர் என்ன பதில் போட்டிருக்கிறார் என்று வறுக்கும்போதே எட்டிப் பார்ப்பாள். ஒருநாள் அந்தப் பார்வையில் ஒரு சட்டி கொத்தமல்லி கருகிப்போனது. ஹைதர் மூக்கைச் சுளித்தார்.

"இந்த ஹன்னா இருக்கே, நல்லா கவனிக்கிற பொண்ணு" என்றார் சிக்கந்தர் ஒரு மத்தியானம். "உனக்குத்தான் ஒண்ணுமே கண்ணுல படமாட்டேங்குது."

ஒரு பூனை மேல் பொறாமைப்படும் நிலைமைக்கு வந்துவிட்டோமே என்று ஷாஹிரா நினைத்துக்கொண்டாள். ஆனாலும் இதுதான் நேரம் என்று பட்டது. அன்றே எழுதினாள்.

"கடைக்காரர் நொண்டி நடக்கிறார். காலில் துணி சுற்றியிருக்கிறது. பார்க்கச் சங்கடமாக இருக்கிறது. டாக்டரிடம் காட்டினால் நல்லது."

சிக்கந்தர் அதைத் திரும்பத் திரும்பப் படித்ததை அவள் அடுப்படியிலிருந்து பார்த்தாள். அகப்பையை ஹைதரிடம் கொடுத்துவிட்டு மோட்டார் சைக்கிளில் ஏறிப் போனார். ஷாஹிராவுக்கு நெஞ்சு நிறைந்துபோனது. அல்ஹம்துலில்லாஹ் என்று சொல்லிக்கொண்டே அவருக்குப் பிடித்த ரசத்தை வைத்தாள். டாக்டர் என்ன சொல்லியிருப்பார், என்ன மருந்து கொடுத்திருப்பார் என்று வாசலுக்கும் அடுப்புக்கும் நடந்தாள்.

திரும்பி வந்தவர் காலில் கறுப்புத் தோல் சப்பாத்து மின்னியது. முன்பக்கம் கூராக, இறுக்கமாக, உள்ளே காலுறையோடு. காயம் இருந்த இடமே தெரியவில்லை. ஹன்னாவுக்குப் பதிலும் போட்டாயிற்று. "மன்னிக்கவும். இனி உங்களுக்குச் சங்கடம் இருக்காது."

திறந்து கிடந்தபோதாவது காற்றுப்பட்ட புண்ணை இப்போது ஷாஹிராவே தோல் பெட்டிக்குள் போட்டுப் பூட்டச் சொல்லிவிட்டாள். பார்க்கச் சங்கடம் என்றுதானே எழுதினாய், அவரும் பார்க்க முடியாதபடி மறைத்துவிட்டார், உனக்கு வேண்டியதுதான் என்று தன்னையே திட்டிக்கொண்டாள். சப்பாத்தைக் கழற்றச் சொல்லிக் கெஞ்சினாள். ம்ம். ஹன்னாவாகவும் கெஞ்சினாள், டாக்டர், டாக்டர் என்று வரிக்கு வரி எழுதினாள். அந்தப் பக்கமிருந்து உடனே பதில் வந்தது: "உங்கள் கருத்துக்கு நன்றி. மீண்டும் வருக." யார் என்ன எழுதினாலும் ஹேன்போனே தானாக அதை அனுப்பும்படி வைக்க யாரோ அவருக்குச் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். ஆக, அங்கேயும் ஒரு ம்ம் முளைத்துவிட்டது. இதற்கிடையில் இரவில் அவர் சப்பாத்து கழற்றும் நேரத்தில் அந்தப் பழைய வாடை அவள் மூக்கில் ஏற ஆரம்பித்திருந்தது.

வெள்ளிக்கிழமை. ஜும்மா தொழுகை முடிந்து கடை வாசலில் வரிசை சந்து முனைவரை நின்றது. ஷாஹிரா கையைக் கழுவினாள். சமையல் மேல்துணியைக் கழற்றி ஆணியில் மாட்டினாள். தலைத்துணியைச் சரிசெய்துகொண்டு பின்பக்கமாக வெளியேறி, சுற்றி வந்து, வரிசையின் கடைசியில் நின்றாள். கல்யாணமாகி வந்ததிலிருந்து அந்தக் கடைக்குள் முன்வாசல் வழியாகச் சாப்பிட நுழைந்ததே இல்லை. என்னைப் பார்த்ததும் திட்டுவார், திட்டட்டும், திட்டினாலும் என் முகத்தைப் பார்த்துத்தானே திட்டவேண்டும் என்று நினைத்தாள்.

அவள் முறை வந்தது. சிக்கந்தர் இடது கையை வாசித்துக்கொண்டே வலது கையால் தட்டில் சோற்றைக் கவிழ்த்தார்.

"மீன் முட்டை, வெண்டிக்கா. எல்லா ஆணமும் கலந்து ஊத்துங்க" என்றாள் ஷாஹிரா, தன் சொந்தக் குரலில்.

"இங்க சாப்பிடவா, கட்டிக்கவா?"

"இங்கதான்."

"சரிக்கா. தண்ணி அந்தப் பக்கம் சொல்லுங்கக்கா."

அக்கா. உள்ளேயிருந்து இதைப் பார்த்த ஹைதரின் கை கரண்டியோடு அந்தரத்தில் நின்றது. ஷாஹிரா உதட்டில் விரலை வைத்துக் காட்டிவிட்டுத் தட்டோடு போய் உட்கார்ந்தாள். அவளுக்கு வலித்தது. நன்றாகவே வலித்தது. ஆனால் பசியும் இருந்தது. இரண்டு வாய் அள்ளிப் போட்டுக்கொண்டு இடது கையால் ஹேன்போனை எடுத்தாள். இந்த முறை மலாய் இல்லை. தமிழில் எழுதினாள்.

"ஆணத்துக்கு அஞ்சு நட்சத்திரம் போடலாம். ஆனா கடைக்காரரு பொண்டாட்டிக்கே முகத்தைப் பாக்காம சோறு போட்டாரு. அக்கான்னு வேற கூப்பிட்டாரு. அவரு வாப்பாவுக்குக் கால் எடுத்தப்ப கட்டு மாத்துனவ அவதான். இன்னொரு காலுக்குக் கட்டு மாத்த அவளுக்குத் தெம்பு இல்ல. ஒரு நட்சத்திரம்."

சிக்கந்தரின் கையில் மணி அடித்தது. படித்தார். அகப்பையிலிருந்து ஆணம் சொட்டுச் சொட்டாக யாருடைய தட்டிலோ, பிறகு மேசையில், பிறகு அவருடைய வெள்ளைச் சட்டையில் விழுந்தது. "அபாங், போதும்ணே" என்றான் தட்டுக்குரியவன். அவர் தலையைத் தூக்கி வரிசையைப் பார்த்தார். அப்புறம் மேசைகளைப் பார்த்தார். புதுக் காத்தாடியின் கீழே அவர் மனைவி உட்கார்ந்து மீன் முட்டையைப் பிய்த்துக்கொண்டிருந்தாள்.

நொண்டிக்கொண்டே வந்தார். "ஷாஹிரா, இங்க என்ன பண்ற?"

"சாப்பிடுறேன்லா. நீங்கதானே போட்டீங்க."

"அப்ப அந்த ஹன்னா..."

"இஸ்ஸதி வீட்டுப் பூனை."

ஒரு பூனையின் பேச்சைக் கேட்டுக் காத்தாடி மாட்டி, குழாய் மாற்றி, நாள் முழுக்கச் சிரித்த மனிதர் அப்படியே எதிர் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். ஹைதர் அடுக்களையில் இருமுவதுபோல் சிரித்தார். ஷாஹிரா கையைக் கழுவிக்கொண்டு வந்து, அத்தனை பேர் முன்னாலும் குனிந்து அவருடைய சப்பாத்தைக் கழற்றினாள். காலுறை புண்ணோடு ஒட்டிக்கொண்டு வரமாட்டேன் என்றது. பக்கத்து மேசைக்காரர் சாப்பாட்டை விட்டு எழுந்துபோனார். ஹைதரும் சிரிப்பை நிறுத்திவிட்டார்.

"எனக்கு அங்க உணர்ச்சியே இல்ல ஷாஹிரா" என்றார் சிக்கந்தர் சின்னக் குரலில். "பயமா இருந்துச்சு. அதான் பாக்கல."

கிளினிக்கில் டாக்டர் பிரியந்தி கணினித் திரையைப் பார்த்தபடியே பேர், வயது, என்ன மருந்து, எப்போதிலிருந்து வலி என்று தட்டிக்கொண்டே போனார். கேள்வி முடிகிற வழியாக இல்லை.

"டாக்டர்" என்றாள் ஷாஹிரா, "கால் இந்தப் பக்கம் இருக்கு."

டாக்டர் நாக்கைக் கடித்துக்கொண்டு நாற்காலியைத் திருப்பினார். காலைப் பார்த்தார். அதற்கப்புறம் கேள்வி ஒன்றும் கேட்காமல் பெரிய ஆஸ்பத்திரிக்கு எழுதிக் கொடுத்தார்.

சுண்டுவிரல் போய்விட்டது. கால் தப்பித்தது.

வீட்டுக்கு வந்து சில நாளில் சிக்கந்தர் அடுக்களை ஓரத்தில் காலை நீட்டி உட்கார்ந்துகொண்டு, ஆணத்தை உள்ளங்கையில் விட்டு நக்கி, "உப்பு" என்று சொல்ல ஆரம்பித்தார். அவருடைய ஹேன்போன் மேசை இழுப்பறைக்குள் போய்விட்டது. ஹன்னா எழுதிய அந்த ஒற்றை நட்சத்திரம்தான் அடங்கவில்லை. யாரோ அதை எடுத்து ஊரெல்லாம் பரப்பிவிட, பாலிக் புலாவிலிருந்தெல்லாம் அந்தப் பொண்டாட்டியைப் பார்க்க ஆள் வந்தது. சபாஷ் என்றும் எங்கள் வீட்டிலும் இதே கதை என்றும் பெண்கள் ஹன்னாவுக்கு எழுதிக் குவித்தார்கள். ஷாஹிரா ஒன்றுவிடாமல் படித்தாள். எல்லோருக்கும் பதில் போட்டாள்.

ஒருநாள் அவருக்குக் கட்டு மாற்ற உட்கார்ந்திருந்தாள். பழைய துணியைப் பிரித்தாயிற்று, புதுத் துணி மடியில். மசாலா டப்பாவின் மேல் ஹேன்போன் சிணுங்கியது. கை தானாக அதை எடுத்தது. யாரோ ஒருத்தி ஈப்போவிலிருந்து நீளமாக எழுதியிருந்தாள். ஷாஹிரா படித்தாள், சிரித்தாள், இன்னும் கொஞ்சம் படித்தாள். சிக்கந்தர் ஏதோ சொன்னார்.

"ம்ம்" என்றாள் ஷாஹிரா.

சிக்கந்தர் நான்கு விரல் காலை மெல்ல நகர்த்தி, அவள் முழங்காலில் தட்டினார்.

"அக்கா" என்றார், "கால் இந்தப் பக்கம் இருக்கு."