அழைப்பிதழின் கடைசி வரி

"உதை எடு" என்றார் அப்புத்துரை மாமா.

அவருடைய சுட்டுவிரல் மேசையில் கிடந்த தாளின் கடைசி வரியில் குத்தி நின்றது. அக்கா தவமலரின் கலியாண அழைப்பிதழுக்காக நிலாந்தி மூன்று நாள் கணினியோடு மல்லுக்கட்டிச் செய்த மாதிரி அது. 'தங்கள் வரவை அன்புடன் எதிர்பார்க்கும்' என்று போட்டு, அதன் கீழே 'திருமதி யோகம்மா நாகமுத்து' என்று அம்மாவின் பெயரை வைத்திருந்தாள். விரல் நின்ற இடமும், அவர் எடுக்கச் சொன்ன பெயரும் அதுதான்.

குசினியில் இடியப்ப உரலின் கறகறப்பு நின்றுபோயிற்று.

"ஏன் மாமா?"

"ஏனோ? கொப்பர் மோசம்போய்ப் பன்ரண்டு வரியம். நல்ல காரியத்துக்குச் சனத்தைக் கூப்பிடேக்கை, புருசன் இல்லாதவளின்ரை பேரிலையே கூப்பிடுறது? கனடா மாப்பிள்ளை பகுதி என்ன நினைக்கும்? பெத்தவ எண்டு உள்ளுக்கை ஒரு வரி கிடக்குத்தானே, அது காணும். கீழை என்ரையும் மாமியின்ரையும் பேரைப் போடு."

மாமா பொல்லாத மனிதர் அல்லர். தங்கச்சி குடும்பத்துக்கு ஒன்றென்றால் முதலில் ஓடி வருகிறவர். ஊர் என்ன சொல்லும் என்பதை ஊருக்கு முன்னரே சொல்லிவிடும் அவசரம்தான் அவரிடமிருந்த ஒரே குறை.

"அண்ணை சொல்லுறபடி செய், பிள்ளை" என்று குசினியிலிருந்து அம்மாவின் குரல் வந்தது. உரல் திரும்பவும் கறகறத்தது, முன்னையிலும் பலமாக.

நிலாந்தி தாளை மடித்தாள். ஆட்களுக்கு முன்னால் அவளுக்குக் குரல் வராது. வகுப்பில் எழுந்து பேசச் சொன்னால் கதிரையைப் பிடித்துக்கொண்டு நிற்கிற பிள்ளை அவள். அப்படிப்பட்டவள் யாழ்ப்பாணத்துக் கொலிச்சில் படித்ததோ டிஜிட்டல் வடிவமைப்பும் தொழில்சார் தொடர்பாடலும். அவளுடைய ஊரான சரவணையில் அதன் பெயரை முழுதாகச் சொன்னவர் ஒருவரும் இல்லை. "படம் கீறவும் கடிதம் எழுதவும் ஒரு கொலிச்சோ?" என்று கேட்டுவிட்டு, அடுத்த மூச்சில் "அப்ப எங்கடை மகனுக்கும் ஒரு கலியாணக் காட் அடிச்சுத் தாவன்" என்பார்கள்.

சமாதானம் என்று எல்லோரும் நம்பிக்கொண்டிருந்த 2004ஆம் ஆண்டு அது. தீவிலிருந்து யாழ்ப்பாணம் போகும் பண்ணைப் பாலத்தில் பஸ்ஸை மறிக்கும் நேவிக்காரன் ஒருநாள் அவளுடைய ஃபுளொப்பியை வாங்கிச் சூரியனுக்கு நேரே பிடித்துப் பார்த்தான். உள்ளே ஒன்றும் தெரியாததால் சிரித்துத் திருப்பிக் கொடுத்தான்.

அந்தத் தவணைக்கு ஆளுக்கொரு உண்மையான வேலை செய்து காட்டவேண்டும். ஜொய்சி மிஸ் இரண்டு சட்டம் போட்டிருந்தார். ஒன்று, எதைச் செய்தாலும் 'யார் சொல்லுகினம், யாருக்குச் சொல்லுகினம்' என்று முதலில் எழுதவேண்டும். மற்றது, வாடிக்கையாளர் மாதிரியைப் பார்த்துக் கையெழுத்து வைக்காமல் ஒன்றும் அச்சுக்குப் போகக்கூடாது. நிலாந்தி எடுத்த வேலை அக்காவின் அழைப்பிதழ். 'யார் சொல்லுகினம்' என்ற இடத்தில் என்றைக்கோ 'அம்மா' என்று எழுதிவிட்டாள். இப்போது அதை வெட்டப் பேனை ஓடவில்லை.

வெட்டுவதற்கு நியாயமும் தெரியவில்லை. அப்பா போனபிறகு வேலணைச் சந்தித் தேத்தண்ணிக் கடைகளுக்கு இடியப்பம் அவித்துக் கொடுத்து இரண்டு பெண்பிள்ளைகளை ஆளாக்கியது அம்மா. ஊரில் எந்தக் கலியாணம் என்றாலும் அம்மாவுக்குத்தான் முதலில் ஆள் வரும், பின்வாசலால் வந்து இடியப்பம் பிழிந்து தரச்சொல்லி. பிழிந்து முடிய அதே வாசலால் திரும்பிவிடவேண்டும். முன்விறாந்தையில் பொம்பிளை மாப்பிள்ளை இருக்குமட்டும் அந்தப் பக்கம் தலைகாட்டக்கூடாது.

பின்னேரம் நிலாந்தி ஒரு வெள்ளைத்தாளோடு குசினிக்குள் போனாள்.

"அம்மா, இதிலை ஒரு கையெழுத்து வையுங்கோ."

"என்னத்துக்கு?"

"கலியாணக் காட்டுக்கு."

யோகம்மா மகளைப் பார்த்தாள். கையிலிருந்த மாவைக் கழுவி, சீலையில் துடைத்து, பலகையில் குந்தி யோகம்மா என்று எழுதினாள். ஐந்தாம் வகுப்போடு நின்ற கை. எழுத்துகள் ஒன்றுக்குள் ஒன்று சுற்றிக்கொண்டு, தட்டில் பிழிந்த இடியப்பம் மாதிரியே வந்தன.

"இது கோணலாப் போச்சு. இன்னொரு தாள் தா."

ஏழுதரம் எழுதினாள். பிறகு ஏழையும் வரிசையாக வைத்து, தலையைச் சரித்துப் பார்த்தாள். "ஆறாவதைப் போடு. அதுதான் கொஞ்சம் நிமிந்து நிக்குது."

கொலிச்சில் அதைக் கணினிக்குள் ஏற்றி, பொன்னிறம் பூசி, 'அன்புடன் எதிர்பார்க்கும்' என்பதற்குச் சரிநேர் கீழே வைத்தாள் நிலாந்தி. அதற்கும் கீழே, சொன்னபடியே, திரு. திருமதி அப்புத்துரை.

மாமா இரண்டாவது மாதிரியைக் கையை நீட்டித் தூரப் பிடித்துப் பார்த்தார். மூக்குக்கண்ணாடி போட்டால் வயது தெரியும் என்று அவர் அதை வீட்டிலேயே வைத்துவிட்டு வருகிறவர்.

"உதென்ன பிள்ளை, நடுவிலை சுருள்சுருளா?"

"அது... பொன்னிறத்திலை வரும், மாமா."

"பூக்கொடியோ? வடிவாக் கிடக்கு. படிச்ச படிப்பு வீண்போகேல்லை."

நிலாந்தி பேனையை நீட்டினாள். மாமா தாளின் ஓரத்தில் பெரிய எழுத்தில் ஒரு வரி எழுதிக் கையெழுத்து வைத்தார்.

முந்நூறு அழைப்பிதழ்கள் வந்தன. கலியாணம் சொல்லப் போகவும் கைம்பெண்ணுக்கு ஏலாது. ஆகவே மாமாவும் சீதேவி மாமியும் எம்.டி. நைன்ரி மோட்டார் சைக்கிளில் வெற்றிலைத் தட்டத்தோடு நாரந்தனை, வேலணை, மண்கும்பான் என்று அலைந்தார்கள். யோகம்மா ஒருநாளும் முன்வாசலால் ஏறியிராத வீடுகளில், முன்விறாந்தையில், வெற்றிலை பாக்குக்கு மேலே வைத்து இரண்டு கையாலும் கொடுத்தார்கள். எல்லோரும் 'பூவேலைப்பாடு நல்லாயிருக்கு' என்றார்கள். மாமா பூரித்துப்போனார்.

கடைசி வீடு மண்கும்பானில், பென்சன் எடுத்த தபால்காரர் இளையதம்பியுடையது. அவர் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டு, அழைப்பிதழை மேலிருந்து கீழ்வரை படித்தார். கடைசி வரிக்கு மேலிருந்த சுருளைக் கண்டதும் சிரித்தார்.

"அட, யோகம்மாவோ கூப்பிடுறா?"

"இல்லை அண்ணை, நாங்கள்தான்..." என்றார் மாமா.

"என்ன கதை கதைக்கிறீர்? பதிவுத் தபால் குடுத்துக் குடுத்து இந்தக் கையெழுத்தை எத்தினைதரம் வாங்கினனான் தெரியுமே? இந்தத் தீவிலை வேறை ஒருத்தருக்கும் இப்பிடிச் சுத்த ஏலாது." அவர் விரலை வைத்துக் காட்டினார். "இந்தா யோ. இந்தா க. அவ கூப்பிட்டா நான் வராமல் இருப்பனே?"

மாமி எட்டிப் பார்த்தாள். பார்த்ததும் சீலைத்தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டாள், திகைப்பிலோ சிரிப்பிலோ தெரியவில்லை.

யோகம்மா வீட்டு வாசலில் மோட்டார் சைக்கிள் வந்து நின்ற சத்தத்திலேயே கோபம் தெரிந்தது.

"எடி யோகம்! உன்ரை கையெழுத்தையே நான் ஊர் ஊராக் காவித் திரிஞ்சனான்? எல்லாத்தையும் திருப்பி வாங்கு! புதுசா அடி!"

"முந்நூறு வீட்டிலை போய் என்னெண்டு கேக்கிறது?" என்றாள் மாமி. "காட்டைத் தாங்கோ, அதிலை யோகம்மாடை பேர் கிடக்கு எண்டோ?"

நிலாந்தி கொலிச்சுக்குக் கொண்டுபோகும் கோப்பைத் திறந்து, மாதிரித் தாளை மாமாவுக்கு முன்னால் வைத்தாள். ஓரத்தில் அவருடைய சொந்தக் கையெழுத்து: 'பார்த்தேன். சரி. அச்சடிக்கலாம். – அ. அப்புத்துரை.'

மாமா அதைப் பார்த்தார். கதிரையில் இருந்தார். குரல் இறங்கிவிட்டது.

"நான் உதைப் பூ எண்டெல்லோ நினைச்சனான்."

யோகம்மா மாக்கையோடு வெளியே வந்தாள். பெத்தவளுக்கு ஒரு அழைப்பிதழ் கொடுக்கவேண்டும் என்று அதுவரை ஒருவருக்கும் தோன்றியிருக்கவில்லை. தட்டத்தில் மிஞ்சிக் கிடந்த ஒன்றை எடுத்துக் கடைசி வரிக்கு மேலே பொன்னிறத்தில் சுருண்டிருந்த தன் பெயரைப் பார்த்தாள்.

"அப்ப பூ எண்டே நினையுங்கோ, அண்ணை" என்றாள். "நான் பூ வைச்சுப் பன்ரண்டு வரியம்."