கடைசி இலக்கம் ஏழு

கடலில் படகு கவிழ்ந்தால் கத்துவதற்கென்றே ஒரு மஞ்சள் பெட்டி உண்டு. பொத்தானை அமுக்கினால் தன் பதினாறு இலக்க எண்ணை வானத்துக்கு அனுப்பிக்கொண்டே இருக்கும்; மேலே செயற்கைக்கோள் கடக்கும்போதெல்லாம் அது கரைக்கு வந்து சேரும். கரையில், மீட்பு அறையின் திரையில், அந்த எண்ணும் இடமும் உரிமையாளர் பெயரும் வரும். அந்தத் திரைக்கு நிரல் எழுதியவள் அதே அலுவலகத்தில் வேலை பார்க்கும் ஒரு பெண்.

அன்று காலை பத்து இருபதுக்கு ஒரு பெட்டி கத்தியது. அறை அதிகாரி வழக்கப்படி உரிமையாளருக்குப் போன் போட்டார். அந்த மனிதரோ வீட்டில் ஹாயாக உட்கார்ந்திருந்தார். பெட்டி கொட்டகையில் ஆணியில் தொங்குகிறதாம். திரை நடுக்கடலைக் காட்டினாலும், ஏதோ கோளாறு, பொய் அழைப்பு என்று எழுதி மூடியாயிற்று. பதினொன்றேகாலுக்கு மறுபடி அதே எண். பன்னிரண்டரைக்கு மறுபடி. மூன்றாவது தடவை மனிதருக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்துவிட்டது.

“பொட்டியைத் தலையில வச்சுக்கிட்டு போட்டோ எடுத்து அனுப்பவா சார்?”

இரண்டு மணிக்கு அதிகாரி அவளைக் கூப்பிட்டார். “உன் திரையில ஏதோ கோளாறு. என்னன்னு பாரும்மா.”

சாப்பாட்டு டப்பாவைக்கூட மூடாமல் வந்து உட்கார்ந்தாள். வானத்திலிருந்து வந்த செய்தியை அப்படியே திறந்து பார்த்தாள். அதில் கடைசி இலக்கம் ஏழு. திரையில் ஆறு. மற்ற பதினைந்தும் அச்சு அசலாக ஒன்றுதான்.

போன வருஷம் இதே அறையில்தான் பேச்சு வந்தது. கூட வேலை பார்த்த கண்ணாடிக்காரர், “பெட்டி எண்ணுக்குப் பெரிய எண் வகையா வச்சிடலாமே” என்றார். இவள் என்ன சொன்னாள் தெரியுமா? “அவ்வளவு பெரிய எண்ணை வச்சுக்கிட்டு கடல்ல மீனையா எண்ணப் போறோம்?” அறையே சிரித்தது. கண்ணாடிக்காரரும், பாவம், சேர்ந்து சிரித்தார்.

கணினியின் சாதாரண எண் வகைக்கு ஓர் எல்லை உண்டு. ஒன்பதாயிரம் லட்சம் கோடிக்குக் கொஞ்சம் மேலே போனால் ஒற்றைப்படை எண்ணை அதனால் பிடிக்க முடியாது. சத்தமில்லாமல் பக்கத்து இரட்டைப்படைக்குத் தள்ளிவிடும். பழைய பெட்டிகளின் எண்கள் எல்லைக்குள் இருந்தன. இந்த வருஷம் விற்றவை தாண்டிவிட்டன. படித்தவள்தானே, இது தெரியாதா? சோம்பேறித்தனம், வாய்க்கொழுப்பு, வேறென்ன.

ஏழில் முடியும் பெட்டி யாருடையது என்று தேடினாள். பெயர் வந்தது. அவள் அண்ணன்.

“சார், அது பொய் இல்ல சார். ஆளை அனுப்புங்க. எங்கண்ணன் சார்.”

அதிகாரி திட்டவில்லை. மைக்கை எடுத்து இடத்தைச் சொன்னார். மீட்புப் படகு போய்ச் சேர இன்னும் ஒன்றரை மணி நேரம் ஆகும் என்று பதில் வந்தது. இந்தக் குளிர்த் தண்ணீரில் ஒரு மனிதன் எவ்வளவு நேரம் தாங்குவான் என்று சுவரில் ஓர் அட்டவணை ஒட்டியிருந்தது. மூன்று மணி நேரம் என்று போட்டிருந்தது. அவள் வேறு பக்கம் திரும்பிக்கொண்டாள்.

அவளுடைய போன் அடித்தது. அண்ணி.

“ஏம்மா, உங்கண்ணன் போன் எடுக்கவே இல்ல. மதியச் சாப்பாட்டுக்கு வந்துடுறேன்னுதான் சொல்லிட்டுப் போனாரு. ஏதாவது ஆகியிருந்தா முதல்ல உன் ஆபீசுக்குத்தானே தெரியும்? எதுவும் வரலேல்ல?”

வரலை என்று சொல்லிவிடத்தான் வாயைத் திறந்தாள். மனசு வரவில்லை.

“வந்துச்சு அண்ணி,” என்றாள். “காலைல பத்து இருபதுக்கே வந்துச்சு.”