நேரலமக்கியில் இனி பிரசவம் இல்லை

மயக்க மருந்து கொடுக்கும் டாக்டர் கணபய்யா மங்களூருக்குக் குடிபோனபோது அவரைக் குறை சொல்ல யாருக்கும் மனசு வரவில்லை. மலைநாட்டு ஈரம் அவர் மனைவிக்கு ஒத்துக்கொள்ளவில்லை. மழை பிடித்துவிட்டால் அந்த அம்மா மூச்சுக்குத் தவிப்பதை நேரலமக்கி ஊரே பார்த்திருக்கிறது.

"வேற ஆள் கிடைக்கிற வரைக்கும் சனிக்கிழமை சனிக்கிழமை வந்துடறேன் வாரிஜா" என்று சொல்லிவிட்டுத்தான் போனார். கொஞ்ச நாள் வந்தார். பிறகு வரமுடியவில்லை என்று போன் வந்தது. அதன் பிறகு போனும் நின்றது.

வாரிஜா அந்தச் சின்ன ஆஸ்பத்திரியின் தலைமை டாக்டர். பிரசவ டாக்டரும் அவள்தான், காய்ச்சலுக்கும் பாம்புக்கடிக்கும் அவள்தான். ஜெனரேட்டர் நின்றால் மெக்கானிக்கைக் கூப்பிடுவதும் அவள் வேலை. கணபய்யாவின் இடத்துக்கு அவள் ஆள் தேடாத ஊர் இல்லை. ஹூப்ளியிலிருந்து ஒரு இளைஞன் வந்து, குவார்ட்டர்ஸ் சுவரில் படர்ந்திருந்த பாசியைப் பார்த்தான், நர்ஸ் ஸ்டெல்லா சிஸ்டர் சமைத்த மீன் குழம்புடன் வயிறாரச் சாப்பிட்டான், "வீட்ல கேட்டுட்டுச் சொல்றேன் மேடம்" என்று பஸ் ஏறினான். அவன் வீட்டில் என்ன சொன்னார்களோ, தெரியவில்லை.

ஆஸ்பத்திரியை நடத்திய அறக்கட்டளையின் செயலாளர் ஸ்ரீபாதராயர் ஷிவமொக்கா நகரத்திலிருந்து காரில் வந்தார். தங்கமான மனிதர். குரல் உயர்த்தியே பேசமாட்டார்.

"ஆபரேஷனுக்கு வழி இல்லாத இடத்துல பிரசவம் பார்க்கக்கூடாது டாக்டரே. நாளைக்கு ஏதாவது ஒண்ணுன்னா உங்களைத்தான் தூக்கி உள்ளே வைப்பாங்க. கொஞ்ச நாள் நிறுத்தி வைங்க."

"நான் நிறுத்திட்டேன்னு வயித்துல இருக்கிற பிள்ளைகிட்ட யார் சார் போய்ச் சொல்றது?"

ராயர் சிரித்தார். "உங்க வாய்க்கு நான் பதில் சொல்ல முடியாது. ஆனா ஒரு நல்ல சேதி இருக்கு. டயாலிசிஸ் மெஷின் தர ஒருத்தர் முன்வந்திருக்கார். பிரசவ ரூமை அதுக்குக் கொடுத்துடுவோம்."

வாரிஜாவால் மறுக்க முடியவில்லை. சிறுநீரகம் கெட்டுப்போன அனந்தய்யா வாத்தியார் வாரம் இரண்டு தடவை மலைப்பாதையில் பஸ் ஏறி, வாந்தி எடுத்துக்கொண்டே போய் ரத்தம் சுத்தம் செய்துகொண்டு, பாதிப் பிணமாகத் திரும்புவதை அவள் பார்த்துக்கொண்டுதானே இருந்தாள்? அவரைப்போல் அக்கம்பக்கத்தில் இன்னும் சிலர் இருந்தார்கள். அவர்களுக்கு வேண்டாம் என்று எந்த வாயால் சொல்வது?

ஊழியர்களைக் கூட்டி அவளே விஷயத்தைச் சொன்னாள். இது மூடுவது இல்லை, மாறுவது என்றாள். ஆள் கிடைத்ததும் பிரசவம் மறுபடி தொடங்கும் என்றாள். சொல்லும்போதே தன் குரல் ராயருடைய குரல்போல இருப்பது அவளுக்குக் கேட்டது.

பிரசவ அறையே கதி என்று கிடந்து தலை நரைத்த ஸ்டெல்லா சிஸ்டர் மட்டும் எழுந்தாள். "அப்ப நான் இனிமே மெஷினுக்கு இடுப்பு வலி வந்தா பார்க்கணும், அப்படித்தானே மேடம்?"

எல்லாரும் சிரித்தார்கள். ஸ்டெல்லா சிரிக்கவில்லை.

பிரசவக் கட்டிலும் ஆபரேஷன் விளக்கும் அறக்கட்டளையின் நகரத்து ஆஸ்பத்திரிக்கு லாரியில் போயின. சுவரை உடைத்துக் குழாய் பதித்தார்கள். மெஷின்கள் வந்து பாலிதீன் உறைக்குள் உட்கார்ந்தன. அவற்றை ஓட்டிப் பழக்க வேண்டிய ஆள்தான் வந்தபாடில்லை.

வாரிஜாவிடம் வந்துகொண்டிருந்த கர்ப்பிணிகளில் குலாபி என்று ஒருத்தி. பாக்குத் தோட்டத்தில் கூலி வேலை. ஏற்கெனவே இரண்டு பிள்ளை வயிற்றிலேயே போய்விட்டது. இந்தத் தடவை மாதம் தவறாமல் மலை இறங்கி வந்து, வாரிஜா கொடுத்த மாத்திரையை எல்லாம் விழுங்கி, ஏழு மாதத்தைத் தாண்டிவிட்டிருந்தாள். முதல் நாளே வாரிஜா அவள் கையைப் பிடித்து, "இதை நான் கையில வாங்கிக் கொடுக்கறேன், பயப்படாதே" என்று சொல்லியிருந்தாள். டாக்டர்கள் அப்படியெல்லாம் சொல்லக்கூடாது. வாயில் வந்துவிட்டது.

இப்போது அதே குலாபியிடம், "தேதிக்கு முன்னாடியே ஷிவமொக்காவுக்குப் போய்த் தங்கிடணும்" என்று சொல்ல வேண்டியிருந்தது.

"அங்க யாரு இருக்கா டாக்டரம்மா? எங்க தங்கறது?"

"ஆஸ்பத்திரியிலேயே இடம் கொடுப்பாங்க. நான் பேசறேன்."

"அவருக்குச் சோறு? மாடு வேற சினையா இருக்கு." சிறிது யோசித்துவிட்டு, "நீங்க அங்க வருவீங்களா?" என்றாள்.

"என்னால வர முடியாதும்மா."

குலாபி தலையாட்டினாள். சரி என்பதற்கான தலையாட்டல் அது இல்லை என்று வாரிஜாவுக்குத் தெரியும். வெளியே உட்கார்ந்திருந்த அவள் புருஷன் தேவப்பாவை அழைத்து அவனிடமும் சொன்னாள். "ஆகட்டும் டாக்டரம்மா, ஆகட்டும்" என்றான் அவனும்.

மழை வலுத்த ஒரு காலை நேரம், புறநோயாளிகள் கூட்டம் வாசல்வரை நிற்கையில், தேவப்பா வலி எடுத்த குலாபியை ஜீப்பில் போட்டுக்கொண்டு வந்துவிட்டான். நாள் இருக்கிறதே என்று இருந்துவிட்டார்களாம். வாரிஜா பரிசோதித்துப் பார்த்தாள். குழந்தை குறுக்காகக் கிடந்தது. ஒரு பிஞ்சுக் கை வெளியே வந்திருந்தது. வயிற்றைக் கிழித்து எடுக்காமல் அந்தப் பிள்ளை வெளியே வரமுடியாது. கருவியை வைத்துக் கேட்டாள். இதயம் ஓடிக்கொண்டிருந்தது, நல்ல குதிரைபோல.

ஸ்டெல்லா அவளைத் தாழ்வாரத்துக்கு இழுத்தாள். "இங்கேயே கிழிச்சிடுங்க மேடம். மரத்துப்போற ஊசி இருக்கு. டிரெஸ்ஸிங் ரூம் மேஜை இருக்கு. நான் பிடிச்சுக்கறேன்."

"ரத்தம் இருக்கா சிஸ்டர்? விளக்கு? அவ மூச்சு நின்னா குழாய் போட ஆள் இருக்கா?"

"ரோடு இருக்கா மேடம், அதைச் சொல்லுங்க."

வாரிஜா உள்ளே பார்த்தாள். பக்கத்து வார்டில் பாம்பு கடித்த ஒரு பெரியவருக்கு நர்ஸ் ஒருத்தி பலூனை அமுக்கி அமுக்கி மூச்சு கொடுத்துக்கொண்டிருந்தாள். அவரைவிட்டு வாரிஜாவால் ஆம்புலன்ஸில் ஏறவும் முடியாது. அவள் மனசு இரண்டு பக்கமும் ஓடி, இரண்டு பக்கமும் சுவரில் முட்டியது. மேஜையில் குலாபி செத்தால் அவளைக் கொன்றது தன் கத்தி. அதுதான் முதலில் தோன்றியது. பின்னால் பல நாள் அதை அவள் நினைத்துப் பார்த்திருக்கிறாள். குழந்தை முதலில் தோன்றவில்லை, குலாபிகூடத் தோன்றவில்லை. கத்திதான் தோன்றியது.

"வலியைக் குறைக்க ஊசி போடறேன். நீங்க கூடப் போங்க" என்றாள்.

ஸ்டெல்லா மழைக்கோட்டை எடுத்தாள். ஸ்ட்ரெச்சரில் ஏற்றும்போது குலாபி வாரிஜாவின் சேலைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டாள். "நீங்க வாங்கித் தர்றேன்னீங்களே?"

தேவப்பாதான் அந்த விரல்களைப் பிரித்துவிட்டான். "விடுடி, அவங்களுக்கு வேலை இருக்கு."

மலைப்பாதையில் பாதித் தூரத்தில் மண் சரிந்து கிடந்தது. மண்ணை அள்ளும் வண்டி வந்து வழி செய்யும்வரை ஆம்புலன்ஸ் நின்றது. ஊசியின் வேகம் இறங்கி வலி திரும்பவும் ஏறியது. ஸ்டெல்லா அந்தச் சின்னக் கையைப் பிடித்துக்கொண்டே உட்கார்ந்திருந்தாளாம். முதலில் அது தன் விரலை இறுக்கியது என்றும், பிறகு இறுக்கவில்லை என்றும் சொன்னாள். ஷிவமொக்காவில் குலாபியின் உயிரைக் காப்பாற்றினார்கள். கிழிந்துபோன கர்ப்பப்பையை எடுத்துவிட்டார்கள். பெண் குழந்தை, உயிரில்லாமல்தான் வெளியே வந்தது.

பாம்பு கடித்தவர் எழுந்து உட்கார்ந்து கஞ்சி கேட்டார்.

ஊர் திரண்டு வந்து கத்தும், கண்ணாடியை உடைக்கும் என்று வாரிஜா காத்திருந்தாள். கத்தினால் தேவலை என்றுகூட இருந்தது. யாரும் வரவில்லை. குலாபி வீடு திரும்பிய பிறகு தேவப்பா மட்டும் வந்தான். டோக்கன் வாங்கி வரிசையில் உட்கார்ந்து தன் முறைக்குக் காத்திருந்தான்.

"பால் கட்டிக்கிட்டு வலிக்குதாம். மாத்திரை வேணும்."

வாரிஜா எழுதிக் கொடுத்தாள். "தேவப்பா, நான் அன்னிக்கு..."

"நீங்க என்ன பண்ணுவீங்க டாக்டரம்மா" என்றான் அவன். "நீங்க சொன்னீங்க, நாங்கதான் போகல. எங்க தலையெழுத்து." கும்பிட்டுவிட்டுப் போனான். அந்தக் கும்பிடு நிஜமானது. அதுதான் அவளை அறைந்தது.

ராயரிடம், தன்னை விடுவித்துவிடும்படி போனில் கேட்டாள்.

"நீங்களும் போயிட்டா கதவைச் சாத்திட வேண்டியதுதான்" என்றார் அவர், அதே தணிந்த குரலில். "முடிவு உங்க கையில டாக்டரே." அவர் மிரட்டவில்லை. உள்ளதைத்தான் சொன்னார். அவள் போகவில்லை.

ஸ்டெல்லா போனாள். உடுப்பியில் ஒரு பிரசவ ஆஸ்பத்திரியில் இடம் கிடைத்தது. "உங்க மேல கோவமில்ல மேடம்" என்றாள் பஸ் நிறுத்தத்தில். "என் கை சும்மா இருக்க மாட்டேங்குது."

மழை ஓய்ந்த பிறகு மெஷின்கள் ஓடத் தொடங்கின. அனந்தய்யா வாத்தியார் மாலையுடன் வந்து, "எனக்கு மறுபிறவி கொடுத்தீங்கம்மா" என்று கண் கலங்கினார். வாரிஜா மாலையை வாங்கிக்கொண்டாள். அவர் முகத்தில் ரத்தக்களை திரும்பியிருந்தது. அதைப் பார்த்து அவளுக்குச் சந்தோஷம் வந்திருக்க வேண்டும். வந்ததா இல்லையா என்று அவளுக்கே தெரியவில்லை.

கர்ப்பிணிகள் வருவது குறைந்துகொண்டே போனது. நகரத்தில் சொந்தக்காரர்கள் இருப்பவர்கள் அங்கே போனார்கள். மற்றவர்கள் மலைமேல் குடியிருப்புகளில் வீட்டிலேயே பெற்றுக்கொள்கிறார்கள் என்று காதில் விழுந்தது. யார் பிழைத்தார்கள், யார் பிழைக்கவில்லை என்ற பேச்சு மலை இறங்கி ஆஸ்பத்திரிவரை வருவதே இல்லை.

ஒருநாள் சந்தையில் குலாபியைப் பார்த்தாள். வெள்ளரிக்காய் விற்றுக்கொண்டிருந்தாள். வாரிஜா நின்றாள். குலாபி நிமிர்ந்து பார்த்தாள், அடையாளம் தெரிந்தது, முகம் மாறவில்லை.

"நல்லா இருக்கியா?"

"இருக்கேன் டாக்டரம்மா. காய் தரட்டுமா? இளசு."

வாரிஜா இரண்டு காய் வாங்கினாள். வேறு என்ன செய்வது என்று தெரியாமல் இன்னும் இரண்டு வாங்கினாள். அதற்குள் பின்னால் வேறொருத்தி விலை கேட்க, குலாபி அவள் பக்கம் திரும்பிக்கொண்டாள்.