தூசி போகாத கேமரா

கேமரா கடையில் வேலை பார்ப்பவர் பொய் சொல்லக் கூடாது என்று சட்டம் ஒன்றும் கிடையாது. ஆனால் தெருவே கேமராக்காரர் என்று கூப்பிடும் இந்த மனிதருக்கு அது கைவந்ததே இல்லை. விலை கூடியதை ஒருவர் ஆசையாகக் கேட்டால்கூட, "உங்களுக்கு எதுக்கு சார் அது, இது போதுமே" என்று சின்னதை எடுத்து நீட்டி முதலாளியின் வயிற்றெரிச்சலைக் கொட்டிக்கொள்கிறவர். அப்பேர்ப்பட்டவர் திட்டம் போட்டு ஒரு பொய் சொன்னார். அதையும் போயும் போயும் பெற்ற மகளிடம் சொன்னார்.

மகள் மேற்படிப்புக்கு வெளிநாடு போகிறாள். இரண்டு வருஷப் படிப்பு. போவதற்குள் அப்பா கடையிலேயே நல்ல கேமராவாகப் பார்த்து வாங்கிவிடுவது என்று பேச்சு. அவர் முன்கூட்டியே ஒன்றைத் தேர்ந்தெடுத்து, வேறு யார் கண்ணிலும் படாமல் கீழ் அலமாரியில் பதுக்கி வைத்திருந்தார். லென்ஸைக் கழற்றி மாட்டுகிற பெரிய கேமரா. கழற்றும்போதெல்லாம் உள்ளே தூசி போகும், அவ்வப்போது சுத்தம் செய்ய வேண்டும். இது உண்மை. அந்த வேலையை எந்த ஊரிலும் செய்து கொடுப்பார்கள் என்பதும் உண்மை. இந்த இரண்டாவதைத்தான் மனிதர் அப்படியே முழுங்கிவிட்டார்.

"வருஷத்துக்கு ஒரு தடவை நம்ம கடைக்குக் கொண்டுவந்தாதான் சுத்தம் பண்ண முடியும்" என்று முதலில் மனைவியிடம் சொல்லிப் பார்த்தார். ஒத்திகைதான்.

மனைவி துணி மடித்துக்கொண்டிருந்தாள். "அப்ப வருஷா வருஷம் வந்துதானே ஆகணும்?"

"வேற வழி?"

"பெத்தவங்க மூஞ்சியப் பாக்க வரமாட்டா, தூசி தட்ட வருவாளாக்கும்" என்று அவள் சிரித்தாள். ஆனால் நம்பிவிட்டாள். கேமரா விஷயத்தில் அவர் ஒன்று சொன்னால் அவளுக்கு அப்பீலே கிடையாது.

கூட்டமில்லாத ஒரு மத்தியானம் மகள் கடைக்கு வந்தாள். பெரிய கேமராவைக் கையில் வாங்கி, எடை பார்ப்பதுபோல ஏற்றி இறக்கினாள்.

"கனமா இருக்கேப்பா."

"படம் கண்ணுல ஒத்திக்கலாம் போல வரும்மா. என்ன, வருஷத்துக்கு ஒரு தடவை இங்க எடுத்துட்டு வந்துடணும். உள்ள தூசி எடுக்கணும். அத நம்ம கடையில மட்டும்தான் செய்ய முடியும்." சொல்லிக்கொண்டே கண்ணாடி மேஜையைத் துடைத்தார். அது ஏற்கெனவே பளிச்சென்றுதான் இருந்தது.

"அங்கயே செய்வாங்கப்பா. நான் தங்கப்போற இடத்துக்கு அடுத்த தெருவுலயே ஒரு கடை இருக்கு. பாத்து வச்சிருக்கேன்."

"ரெண்டு வருஷத்துக்குப் போறவ கடையெல்லாமா பாத்து வைப்ப?"

மகள் கேமராவின் வாரை விரலில் சுற்றினாள், அவிழ்த்தாள், மறுபடி சுற்றினாள்.

"ரெண்டு வருஷம் இல்லப்பா. படிப்பு முடிஞ்சதும் அங்கயே வேலை தரேன்னுட்டாங்க. நானும் சரின்னுட்டேன். நான் படிச்ச படிப்புக்கு இங்க என்ன வேலை இருக்கு, நீங்களே சொல்லுங்க."

இல்லைதான். அவளுக்காக ஊரெல்லாம் விசாரித்து அலுத்தவர் அவரேதானே.

"அப்ப இங்க?"

"லீவுக்கு வருவேன். முடிஞ்சப்ப."

முடிஞ்சப்ப. அவருக்கு அந்த இடத்திலேயே தரையில் உட்கார்ந்து ஓவென்று அழவேண்டும் போலிருந்தது. கடையில் வேலை பார்க்கிறவனுக்கு அதற்கெல்லாம் ஏது கொடுப்பினை.

"ஏம்ப்பா நம்ம கடையில மட்டும்தான்னு சொன்னீங்க? உங்களுக்குத் தெரியாததா?"

"தெரியும்மா."

"அப்புறம்?"

"நீ வருவேன்னுதான்."

மகள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். சுவரோரம் அடுக்கியிருந்த கேமரா ஸ்டாண்டுகளையே பார்த்தபடி நின்றாள். தோள் குலுங்கியது. அவர் துடைக்கிற துணியை எடுத்து நீட்டினார், அப்புறம் அது அழுக்குத் துணி என்று உறைத்து இழுத்துக்கொண்டார்.

பெரிய கேமராவை உள்ளே வைத்துவிட்டு, கோட்டுப் பைக்குள் அடங்குகிற ஒன்றை எடுத்து வந்தார். இப்போதுதான் வியாபாரம் ஒழுங்காக நடந்தது. இத்தனை நாளாக அவள் திரும்பி வருவதை மட்டுமே நினைத்துக்கொண்டிருந்தவர், அவள் அங்கே எப்படி இருப்பாள் என்று யோசிக்கவே இல்லை.

"இது லென்ஸ் கழட்ட முடியாது. எல்லாப் பக்கமும் இறுக்கமா மூடியிருக்கு, தூசி போக வழியே இல்ல. பனி பட்டாலும் ஒண்ணும் ஆகாது. குளிர்ல பேட்டரி சீக்கிரம் இறங்கிடும், இன்னொண்ணைச் சட்டைப் பையில உடம்போட ஒட்டின மாதிரி வச்சுக்கோ. வெளியிலேர்ந்து ரூமுக்கு வந்ததும் அப்படியே வெளிய எடுத்துடாத, உள்ள வியர்த்துடும். வர்றதுக்கு முன்னாடியே ஒரு பிளாஸ்டிக் பையில போட்டு மூடிட்டு, கொஞ்ச நேரம் கழிச்சு எடு."

"சரிப்பா."

"நீயும் குளிர்ல நிக்காத."

"சரிப்பா." மூக்கை உறிஞ்சிக்கொண்டாள். "அம்மாகிட்ட இன்னிக்கே சொல்லிடலாம். என்னால சொல்ல முடியாது, நீங்க சொல்லுங்க."

"நானே சொல்றேன்" என்றார். நிஜமாகவே சொல்லிவிடுவதாகத்தான் இருந்தார். வீட்டுக்குப் போகிற வழியெல்லாம் எப்படி ஆரம்பிப்பது என்று வாய்க்குள்ளேயே சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்தார்.

வீட்டில் மனைவி பெட்டியைப் பிரித்து, கேமராவை உள்ளங்கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"பெருசுன்னு சொன்னீங்க?"

"இவளுக்கு இதுதான் சரிப்படும்."

"என்னவோ. இதுக்கும் வருஷத்துக்கு ஒரு தடவை இங்க வந்துதானே தூசி எடுக்கணும்?"

கேட்டுவிட்டு நிமிர்ந்தாள். அன்றைக்குத் துணி மடிக்கும்போது சிரித்த சிரிப்பு முகத்தில் துளியும் இல்லை. அவ்வளவு நாளும் அவள் அந்தத் தூசியை நம்பித்தான் மகள் போவதைப் பொறுத்துக்கொண்டிருந்தாள் என்று அவருக்கு அப்போதுதான் புரிந்தது. மகள் கதவோரம் நின்று அவர் வாயையே பார்த்தாள்.

"ஆமா" என்றார். "இதுக்கும்தான்."

மனைவி கேமராவைப் பதமாகப் பெட்டிக்குள் வைத்து மூடினாள். "அங்க தூசி நிறைய இருக்குமாடி?" என்று மகளைக் கேட்டாள்.

"இருக்கும்மா" என்றாள் மகள், அப்பா பக்கம் திரும்பாமலே. "நிறைய இருக்கும்."